விசாரிக்கப்படாமல் விழுந்தவர்களுக்கே முதலிடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க பேஸ்போல் புகழ் மண்டபத்தில் யாருக்கு இடம் கொடுக்கலாம் என்று தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் சில வாரங்களாக நடக்கும் வாதத்தை விடாமல் வாசித்து வருகிறேன். கல்முனை வாசகர், ஊக்கமருந்துச் சந்தேகத்தால் வெளியே நிற்கும் பெரி பொன்ட்ஸுக்காக எழுதினார். ஏறாவூர் வாசகர், சூதாட்டத்துக்காகத் தடைசெய்யப்பட்ட பீட் ரோஸுக்காக எழுதினார். இருவருக்கும் மறுப்பும் வந்துவிட்டது. எல்லாவற்றிலும் ஏதோ ஒரு நியாயம் இருக்கிறது. ஆனாலும் வாதம் அந்த இரண்டு பெயரைத் தாண்டி நகரவேயில்லை. ஊக்கமருந்தும் சூதாட்டமும் எவருக்கும் உடனே விளங்கும் விடயங்கள் என்பதால் இருக்கலாம். அவர்கள் இருவரின் வழக்கும் பல வருடங்களாக எல்லாப் பக்கத்திலிருந்தும் விசாரிக்கப்பட்ட வழக்கு. வழக்கே எடுக்கப்படாமல், வாக்குச்சீட்டின் விதியால் மட்டும் வெளியே தள்ளப்பட்ட வீரர்கள் சிலர் இருக்கிறார்கள். லூ விட்டேக்கரும் கென்னி லொஃப்டனும் அவர்களில் முதன்மையானவர்கள். மண்டபத்தின் கதவு அடுத்த தடவை திறக்கும்போது முதலில் அழைக்கப்பட வேண்டியவர்கள் இவர்களே என்பது என் உறுதியான கருத்து.

நியூயோர்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் இருக்கிறது அந்த மண்டபம். முதல் தெரிவு 1936 இல் நடந்தது. டை கொப், பேப் ரூத், ஹோனஸ் வாக்னர், கிறிஸ்டி மத்தியூசன், வோல்டர் ஜோன்சன் ஆகிய ஐவர் தெரிவானார்கள். கொப்புக்குக்கூட 226 வாக்கில் 222 தான் கிடைத்தது. ஒரு வாக்கும் தவறாமல் எல்லோரும் ஏற்றுக்கொண்ட முதல் வீரர் 2019 இல் வந்த மரியானோ ரிவேரா. அவருக்கு 425 வாக்கில் 425. ஜப்பானின் இச்சிரோ சுசுக்கிக்கு 2025 இல் 394 இல் 393 கிடைத்தது.

விதிகள் இவை. அமெரிக்க பேஸ்போலின் உச்சப் போட்டியான பெருலீக்கில் குறைந்தது 10 பருவம் ஆடி, ஓய்வு பெற்று 5 ஆண்டு கழிந்தவர் வாக்குச்சீட்டுக்கு வரலாம். வாக்களிப்பவர்கள், பேஸ்போல் எழுத்தாளர் சங்கத்தில் தொடர்ந்து 10 ஆண்டு உறுப்பினராக இருந்த பத்திரிகையாளர்கள். ஒருவர் அதிகபட்சம் 10 பெயருக்குக் குறியிடலாம். 75 வீதம் எடுத்தவர் தெரிவாகிறார். 5 வீதத்துக்குக் குறைந்தவரின் பெயர் அந்த ஆண்டோடு நீங்கிவிடும். இடையில் நிற்பவர் 10 ஆண்டுவரை சீட்டில் இருக்கலாம். 2014 வரை அது 15 ஆண்டாக இருந்தது. சீட்டிலிருந்து போனவர்களில் சிலரை 16 பேர் கொண்ட சிறு குழுக்கள் பிற்பாடு எடுத்துப் பார்க்கும். அங்கே தெரிவாவதற்கு 12 வாக்கு வேண்டும்.

75 வீதம் என்பது கடினமான அளவு. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். பிழை உள்ள இடம் வேறு. 5 வீத விதியும் 10 பெயர் விதியும் ஒன்றாகச் சேரும்போதுதான் அநியாயம் நடக்கிறது.

2013 ஆம் ஆண்டுச் சீட்டைப் பாருங்கள். பொன்ட்ஸ், ரொஜர் க்ளெமன்ஸ், சமி சோசா, மைக் பியாசா, கிரெய்க் பிஜியோ, கேர்ட் ஷில்லிங் எல்லோரும் முதன்முறையாக வந்த ஆண்டு அது. லொஃப்டன் வந்ததும் அதே ஆண்டுதான். எழுத்தாளர்கள் அந்த ஆண்டு ஒருவரைக்கூடத் தெரிவு செய்யவில்லை. ஆனால் அந்த ஒரே சீட்டில் இருந்த பிஜியோ, பியாசா, ஜெஃப் பக்வெல், டிம் ரெய்ன்ஸ், அலன் ட்ரமல், ஜக் மொரிஸ், எட்கர் மார்ட்டினஸ், லீ ஸ்மித், லரி வோக்கர், பிரெட் மெக்ரிஃப் ஆகிய 10 பேர் பின்னர் ஒவ்வொருவராக மண்டபத்துக்குள் போய்விட்டார்கள். ஆக, தகுதி உள்ளவர் எல்லோருக்கும் வாக்களிக்க விரும்பிய ஓர் எழுத்தாளரின் 10 கட்டங்களும் இவர்களோடேயே நிரம்பிவிடும். பொன்ட்ஸுக்கும் க்ளெமன்ஸுக்குமே அதில் இடமில்லை. லொஃப்டனுக்கு எங்கிருந்து வரும்? 569 சீட்டில் அவருக்குக் கிடைத்தது 18. அதாவது 3.2 வீதம். பெயர் நீங்கியது, கதை முடிந்தது.

அவர் யார் என்று இளைய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். நடுக்களத்தில் நின்று, சிறந்த களத்தடுப்புக்கான தங்கக் கையுறை விருதை 4 தடவை வாங்கியவர். 1992 முதல் 1996 வரை 5 பருவம் தொடர்ச்சியாகத் தன் லீக்கில் அதிகத் தளங்களைத் திருடியவர், அதாவது அடி விழக் காத்திராமல் அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்ந்தவர். மொத்தம் 622 திருட்டு, பந்தை அடித்துத் தளம் சேர்ந்த ஹிட் 2,428, ஓட்டம் 1,528. துடுப்புச் சராசரி 0.299. முதல் ஆளாக ஆட வருபவரின் வேலை எப்படியாவது தளத்தில் ஏறி நிற்பது. எல்லே ஆடியவர்களுக்கு இந்த வேலையின் பெறுமதி சொல்லாமலே விளங்கும். லொஃப்டன் 100 தடவை ஆட வந்தால் 37 தடவைக்கு மேல் தளத்தில் ஏறினார். பந்தை மைதானத்துக்கு வெளியே அடிக்கும் ஹோம் ரன்களின் எண்ணிக்கையில் மயங்கியிருந்த காலத்தில் ஆடியதுதான் அவருடைய துரதிர்ஷ்டம். பக்கத்தில் ஒருவர் 60, 70 என்று அடித்துக்கொண்டிருந்தபோது இவருடைய ஓட்டத்தையும் களத்தடுப்பையும் எண்ணிப்பார்க்க எவருக்கும் பொறுமை இருக்கவில்லை.

விட்டேக்கரின் வழக்கு இன்னும் தெளிவானது. அவருக்குப் பக்கத்திலேயே ஓர் அளவுகோல் நிற்கிறது. டெட்ரோய்ட் அணியில் விட்டேக்கர் இரண்டாம் தளத்திலும் அலன் ட்ரமல் இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையிலுள்ள ஷோர்ட்ஸ்டொப் இடத்திலும் நின்றார்கள். இருவரும் பெருலீக்கில் அறிமுகமானது ஒரே நாளில், 1977 செப்டெம்பர் 9 இல். 19 பருவம் அருகருகே ஆடினார்கள். ட்ரமலுக்கு 2,365 ஹிட், விட்டேக்கருக்கு 2,369. ட்ரமலுக்கு 185 ஹோம் ரன், விட்டேக்கருக்கு 244. தங்கக் கையுறை ட்ரமலுக்கு 4, விட்டேக்கருக்கு 3. ட்ரமல் 15 ஆண்டும் சீட்டில் நின்றார். கடைசி ஆண்டில் 40.9 வீதம்வரை ஏறினார். பிறகு குழுவால் தெரிவு செய்யப்பட்டு 2018 இல் உள்ளே போனார். விட்டேக்கர் 2001 இல் 2.9 வீதம் எடுத்து முதல் ஆண்டிலேயே நீங்கினார். 2019 டிசெம்பரில் குழு அவரை ஒருமுறை எடுத்துப் பார்த்தது. 16 இல் 6 வாக்கு. ஒரே சுவரின் இரு பக்கத்தையும் தாங்கிய இரண்டு தூண்களில் ஒன்றுக்கு மட்டும் மாலை போட்டதுபோல் இருக்கிறது இது.

விட்டேக்கருக்கு எதிராகச் சொல்லக்கூடியதையும் மறைக்கக் கூடாது. உச்சப் பருவங்களை மட்டும் எடுத்தால் அவர் மண்டபத்திலுள்ள இரண்டாம் தளக்காரர்களின் சராசரிக்குக் கீழ்தான். எந்த ஒரு பருவத்திலும் லீக்கையே அசைத்துவிட்டார் என்று சொல்ல முடியாது. வருடா வருடம் நல்லதைச் செய்து குவித்தவர் அவர். மொத்தக் கணக்கில் பார்த்தால் அதே சராசரியைத் தாண்டி நிற்கிறார். இந்த இரண்டில் எதற்கு எடை அதிகம் என்பது நேர்மையான விவாதம். அந்த விவாதம் எழுத்தாளர்களிடையே நடக்கவே இல்லை என்பதுதான் என் குறை.

நேரம் கொடுத்தால் வாக்காளர் மனம் மாறும் என்பதற்குச் சான்று நிறைய உண்டு. லரி வோக்கர் 2014 இல் 10.2 வீதத்துக்கு இறங்கினார். 2020 இல், தன் கடைசி வாய்ப்பில், 76.6 வீதத்தோடு தெரிவானார். பேர்ட் ப்ளைலெவன் முதல் இரண்டு ஆண்டும் 20 வீதத்தைக்கூட எட்டவில்லை. 2011 இல், 14 ஆவது தடவையில், 79.7 வீதம். அவர்கள் ஓய்வு பெற்ற பிறகு புதிதாக ஓர் ஓட்டமும் எடுக்கவில்லை, ஒரு பந்தும் எறியவில்லை. எண்ணுவோர் எண்ணும் முறையே மாறியது. டெட் சிமன்ஸ் என்ற கெட்சர் (அடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) 1994 இல் 3.7 வீதம் எடுத்து ஒரே ஆண்டில் நீங்கியவர். கால் நூற்றாண்டு கழித்துக் குழு அவரை உள்ளே எடுத்தது. ஆகவே முதல் ஆண்டு வாக்கைத் தீர்ப்பாகக் கொள்வது தவறு என்று மண்டபமே ஒப்புக்கொண்டாயிற்று. விதி மட்டும் மாறவில்லை.

எண்களை எப்படி வாசிப்பது என்பது பற்றி இந்தப் பக்கத்தில் இதுவரை எவரும் எழுதவில்லை. அதனால் அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

துடுப்புச் சராசரியைத் தனியே வைத்து எவரையும் எடைபோட வேண்டாம். பந்தை எறியும் பிட்சர் நான்கு முறை எல்லைக்கு வெளியே எறிந்தால் ஆட்டக்காரர் அடிக்காமலே முதல் தளத்துக்குப் போகலாம். அந்த வருகை சராசரியில் சேராது. பொன்ட்ஸ் இப்படி 2,558 தடவை நடந்து போயிருக்கிறார். ஆகவே தளத்தில் ஏறிய வீதத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஓட்டங்களை உள்ளே கொண்டுவந்த எண்ணிக்கை முன்னால் ஆடியவர்களைப் பொறுத்தது. பிட்சரின் வெற்றி எண்ணிக்கை அவருடைய அணி எடுத்துக் கொடுத்த ஓட்டத்தைப் பொறுத்தது. ப்ளைலெவன் அவ்வளவு காலம் காத்திருந்ததற்குக் காரணம் அவர் 287 வெற்றியில் நின்று 300 ஐத் தொடாததுதான். அவருடைய 3,701 ஸ்ட்ரைக் அவுட்டை (எறிந்தே ஆட்டக்காரரை வெளியேற்றியதை) எவரும் பெரிதாக எடுக்கவில்லை.

அடுத்தது காலம். 1968 வரை பிட்சர் நிற்கும் மேடு 15 அங்குல உயரம். 1969 இல் அதை 10 அங்குலமாகக் குறைத்தார்கள். உயரத்திலிருந்து எறிந்தால் பந்து செங்குத்தாக இறங்கும், அடிப்பது கடினம். 1963 முதல் 1968 வரை ஸ்ட்ரைக் எல்லையும், அதாவது எறிந்த பந்து சரியானது என்று எண்ணப்படும் பரப்பும், பெரிதாக இருந்தது. எனவே 1960 களின் பிட்சர் ஒருவரின் எண்ணை 2000 களின் எண்ணோடு நேராக ஒப்பிட்டால் விடை பிழைக்கும். சென்டி கூஃபக்ஸ் ஒன்பது இன்னிங்ஸுக்கு 2.76 ஓட்டம் கொடுத்தார். ஜொஹான் சன்டானா 3.20. ஆனால் அவரவர் காலத்தையும் மைதானத்தையும் கழித்து 100 ஐச் சராசரியாக வைத்துக் கணக்கிட்டால் (இதில் எண் கூடினால் நல்லது) கூஃபக்ஸுக்கு 131, சன்டானாவுக்கு 136. சன்டானா 2004 இலும் 2006 இலும் ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வென்றவர். தோள் காயத்தால் 139 வெற்றியோடு நின்றுவிட்டார். 2018 இல் 2.4 வீதம் எடுத்து அவரும் ஒரே ஆண்டில் நீங்கினார். கூஃபக்ஸோ 30 வயதில் ஓய்வு பெற்று, 36 வயதில் மண்டபத்துக்குள் போனவர்; அவருக்கும் 165 வெற்றிதான். கூஃபக்ஸிடம் 3 சை யங் இருக்கிறது, பெருலீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் 57 இன்னிங்ஸில், ஒன்பது இன்னிங்ஸுக்கு 0.95 ஓட்டம் மட்டுமே கொடுத்த அபாரமான பந்துவீச்சும் இருக்கிறது. அந்த இடைவெளியை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருவரை வியந்து வரவேற்று, மற்றவரை 10 வாக்கோடு அனுப்பும் அளவுக்கு அது பெரிய இடைவெளியா?

மூன்றாவது மைதானம். டென்வர் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரம். காற்று மெல்லியது, அடித்த பந்து தூரம் போகும், வளைய வேண்டிய பந்து வளையாது. 2002 முதல் அங்கே பந்துகளை ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறையில் வைத்து எடுக்கிறார்கள், அப்படியும் முழுதாகச் சமப்படவில்லை. வோக்கர் அங்கே ஆடியவர் என்பதால் பலர் அவரை ஒதுக்கினார்கள். 1997 இல் அவர் அடித்த 49 ஹோம் ரன்னில் 29 வெளி மைதானங்களில் அடித்தவை. சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியது இதுதான்: சொந்த மைதானத்தின் எண்ணைத் தனியாகவும் வெளி மைதானத்தின் எண்ணைத் தனியாகவும் பிரித்து எழுதிப் பாருங்கள்.

இவற்றையெல்லாம் ஒன்றாக்கித் தரும் அளவை ‘வோர்’ என்பார்கள். கீழ்நிலை லீக்கிலிருந்து குறைந்த சம்பளத்துக்கு எந்நேரமும் கொண்டுவரக்கூடிய ஒரு மாற்றாளைவிட இவர் தன் அணிக்கு எத்தனை வெற்றியைக் கூடுதலாகக் கொடுத்தார் என்ற கணக்கு அது. ஏறத்தாழ 10 ஓட்டம் ஒரு வெற்றியாக எண்ணப்படும். ஆடும் இடத்துக்கும் அதில் பங்கு உண்டு: ஷோர்ட்ஸ்டொப்புக்கும் கெட்சருக்கும் கூடும், முதல் தளக்காரருக்குக் குறையும். இந்தக் கணக்கில் விட்டேக்கருக்கு 75, ட்ரமலுக்கு 70 சொச்சம், லொஃப்டனுக்கு 68. மண்டபத்துக்குள் போய்விட்ட ஹரோல்ட் பெய்ன்ஸுக்கு 39 கூட இல்லை. ஒன்றை மறக்க வேண்டாம்: பழைய காலத்துக் களத்தடுப்பு எண்கள் மதிப்பீடுகள். 68 க்கும் 70 க்கும் இடையில் வித்தியாசம் சொல்ல முடியாது. 39 க்கும் 68 க்கும் இடையில் நிச்சயம் சொல்லலாம்.

பெய்ன்ஸின் பெயரை எடுத்ததற்குக் காரணம் உண்டு. எழுத்தாளர் வாக்கில் அவர் ஒருபோதும் 6.1 வீதத்தைத் தாண்டவில்லை. 2018 டிசெம்பரில் குழுவில் 16 இல் சரியாக 12 எடுத்துத் தெரிவானார். அந்த 16 பேரில் அவர் ஆடிய சிக்காகோ அணியின் உரிமையாளர் ஜெரி ரைன்ஸ்டோர்ஃப் இருந்தார். அவரை வழிநடத்திய முகாமையாளர் டொனி லா ரூசாவும் இருந்தார். பெய்ன்ஸ் 2,866 ஹிட் அடித்த நல்ல ஆட்டக்காரர், பண்பான மனிதர். அவர் மீது ஒரு குறையும் இல்லை. ஆனால் சிறு குழுவில் இரண்டு நண்பர்கள் இருந்தால் என்ன நடக்கும் என்பதை அந்த 12 காட்டுகிறது. இது புதிதுமல்ல. 1970 களின் தொடக்கத்தில் ஃபிரங்கி ஃப்ரிஷ் குழுவில் இருந்தபோது ஜெஸ் ஹெய்ன்ஸ், சிக் ஹேஃபி, ஜோர்ஜ் கெலி என்று அவருடன் ஆடிய பழைய தோழர்கள் வரிசையாக உள்ளே வந்தார்கள். அவர்களைக் காட்டி, “இவர் உள்ளே இருந்தால் அவர் ஏன் கூடாது?” என்று இன்றுவரை வாதிடுகிறார்கள். அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. தவறாக நுழைந்த ஒருவரை அளவுகோலாக்கினால் மண்டபம் நிரம்பி வழியும். அந்த இடத்தில் ஆடி மண்டபத்தில் இருப்போரின் சராசரியோடுதான் ஒப்பிட வேண்டும்.

இப்போதைய குழு விதியிலும் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. 16 பேரும் ஆளுக்கு 3 வாக்குத்தான் போடலாம். மொத்தம் 48. எதிரே 8 பெயர். சமமாகப் பிரிந்தால் ஆளுக்கு 6; தெரிவுக்கு 12 வேண்டும். 2025 இல் இன்னொரு விதியும் சேர்த்தார்கள்: 5 வாக்குக்குக் குறைந்தவர் அடுத்த சுற்றில் வர முடியாது; இரண்டாம் தடவையும் அப்படி நடந்தால் இனி எப்போதும் வர முடியாது. 2025 டிசெம்பர் வாக்கெடுப்பில் ஜெஃப் கென்ட் 14 எடுத்துத் தெரிவானார். ஒருவர் 14 ஐ எடுத்தபின் மீதி 34 ஐ 7 பேர் பிரிக்க வேண்டும். 5 க்குக் கீழே ஒருவராவது விழுவது தவிர்க்க முடியாதது. எழுத்தாளர் சீட்டின் அதே பிழையைக் குழுவுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார்கள். அந்த 8 பெயரில் விட்டேக்கரும் இல்லை, லொஃப்டனும் இல்லை. அடுத்த வாய்ப்பு 2028 டிசெம்பரில். விட்டேக்கருக்கு அப்போது 71 வயது. குழுவின் தெரிவுக்காகக் காத்திருந்த பழைய வீரர் டிக் அலன் 2020 டிசெம்பர் 7 இல் காலமானார். நோய்த்தொற்றுக் காலம் என்று குழு தன் கூட்டத்தை ஒத்திவைத்திராவிட்டால் அதற்கு முதல் நாள் அவருடைய வாக்கெடுப்பு நடந்திருக்கும். பிறகு 2024 டிசெம்பரில்தான் தெரிவானார். அவரோடு தெரிவான டேவ் பார்க்கர் 2025 ஜூன் 28 இல், பதவியேற்பு விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது காலமானார். காலதாமதத்துக்கு இப்படி ஒரு விலை இருக்கிறது.

கல்முனை வாசகருக்கும் ஏறாவூர் வாசகருக்கும் என் பதில் சுருக்கமானது. ஊக்கமருந்துக்குத் தண்டனையோடு கூடிய பரிசோதனை வந்தது 2004 இல். அதற்குப் பிறகு பிடிபட்டுத் தடை அனுபவித்த ரஃபேல் பல்மெய்ரோ, மனி ரமிரெஸ், அலெக்ஸ் ரொட்ரிகஸ் ஆகியோர் எழுதப்பட்ட விதியை மீறியவர்கள். அவர்களுக்கு நான் வாக்களிக்க மாட்டேன். பொன்ட்ஸின் நிலை வேறு. 762 ஹோம் ரன்னை விட்டுவிடுங்கள். 1998 இலேயே அவர் 400 ஹோம் ரன்னும் 400 தளத் திருட்டும் கொண்ட முதல் வீரர், மூன்று தடவை லீக்கின் மிகப் பெறுமதிமிக்க வீரர். அந்தக் காலத்தில் பெருலீக்கின் தலைமை ஆணையாளராக இருந்த பட் செலிக் 2017 இல் மண்டபத்துக்குள் போய்விட்டார். வீட்டுத் தலைவரை வரவேற்றுப் பிள்ளைகளை மட்டும் வாசலில் நிறுத்துவது முறையல்ல. எழுத்தாளர்கள் 10 ஆண்டு விவாதித்து பொன்ட்ஸுக்கு 66 வீதமும் க்ளெமன்ஸுக்கு 65.2 வீதமும் கொடுத்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் அது விசாரித்துக் கொடுத்த தீர்ப்பு.

ரோஸ் 4,256 ஹிட் அடித்தவர். முகாமையாளராக இருந்தபோது தன் அணியின் ஆட்டங்களிலேயே பந்தயம் கட்டினார். 1989 இல் தடை, 2004 இல் ஒப்புதல். காலமானவர்களை 2025 மே மாதம் தடைப் பட்டியலிலிருந்து எடுத்ததால் அவரும், 1919 உலகத் தொடர் மோசடியில் சிக்கிய ஜோ ஜக்சனும் 2027 டிசெம்பரில் பரிசீலிக்கப்படலாம். பந்தயம் கட்டக்கூடாது என்ற விதி ஒவ்வொரு அணியின் உடைமாற்றும் அறையிலும் ஒட்டப்பட்டிருப்பது. தெரிந்தே மீறியவருக்கு நான் அவசரப்பட மாட்டேன். அவருடைய சாதனைப் பொருட்கள் அந்தக் கட்டடத்தின் அருங்காட்சியகப் பகுதியில் ஏற்கெனவே இருக்கின்றன; வரலாற்றிலிருந்து எவரும் அவரை அழிக்கவில்லை. இல்லாதது, மண்டபத்துக்குத் தெரிவானவருக்கு வைக்கும் வெண்கலப் பலகை ஒன்றுதான்.

இவ்வளவும் மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் இரு மாவட்டங்களின் பழைய வீரர்களுக்கு ஒரு கௌரவப் பட்டியல் வேண்டும் என்ற பேச்சுக் கழகங்களிடையே இருக்கிறது. நல்ல எண்ணம். அதைத் தொடங்குமுன் கூப்பர்ஸ்டவுனின் பிழைகளைத் தவிர்த்துக்கொண்டால் பிற்பாடு மனஸ்தாபம் குறையும்.

வாக்குச்சீட்டில் இத்தனை பெயர்தான் என்ற எல்லை வேண்டாம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டு கட்டம் போதும். அப்போது ஒருவருக்கு வாக்களிப்பதால் இன்னொருவர் நட்டப்படமாட்டார். முதல் மூன்று வாக்கெடுப்புவரை எவருடைய பெயரையும் நீக்கக் கூடாது. வாக்காளர் தொகை 20 க்குக் குறையக் கூடாது. 7 பேர் கொண்ட குழுவில் 75 வீதம் என்றால் 6 வாக்கு வேண்டும். இரண்டு பேர் முகம் திருப்பினாலே ஆள் வெளியே. 20 பேர் என்றால் 15. ஓரிருவரின் கோபதாபம் அங்கே முடிவைத் தீர்மானிக்காது. தன் கழகத்தவர், தன் உறவினர், தான் பயிற்றுவித்தவர் பெயர் வரும்போது வாக்காளர் விலகியிருக்க வேண்டும். விலகியவரை மொத்தத் தொகையிலிருந்தும் கழித்துத்தான் வீதம் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் விலகியது ‘இல்லை’ என்ற வாக்காக மாறிவிடும்.

வீரர்களையும், பயிற்றுநர், நடுவர், நிர்வாகிகளையும் ஒரே சீட்டில் போட வேண்டாம். கூப்பர்ஸ்டவுனும் அவர்களைப் பிரித்தே எடுக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்த யேசுசபைத் துறவிகள் இந்த ஊரின் விளையாட்டுக்குச் செய்தது பெரிய பணி. வெபர் அடிகளாரின் பெயரை மைதானமே தாங்கி நிற்கிறது. அந்தப் பணியை ஓட்டத்தோடும் விக்கெட்டோடும் ஒப்பிட முடியாது. மென்பந்தும் கடினபந்தும்கூடத் தனித்தனிக் கணக்கு. வலைப்பந்து ஆடிய பெண்களுக்கும், கபடிக்கும், எல்லேக்கும் அந்தந்த ஆட்டம் தெரிந்தவர்களே வாக்காளராக இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னதாகப் பதிவுகள். 1978 சூறாவளி, யுத்தம், 2004 கடற்கோள் என்று வந்த அழிவுகளில் இந்தக் கரையோரத்தில் எத்தனையோ புள்ளிப் புத்தகங்கள் போய்விட்டன. அதற்காகச் சோர்ந்துவிட வேண்டியதில்லை. அமெரிக்காவில் கறுப்பினத்தவரைப் பெருலீக்கில் சேர்க்காத காலத்தில் அவர்கள் தனி லீக்குகளில் ஆடினார்கள். அந்த ஆட்டங்களின் முழுப் பதிவு எங்கும் இருக்கவில்லை. ஆய்வாளர்கள் பழைய பத்திரிகைகளில் வந்த ஆட்ட விபரங்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துச் சேர்த்தார்கள். 2006 இல் அந்த லீக்குகளோடு தொடர்புடைய 17 பேர் ஒரே நேரத்தில் மண்டபத்துக்குத் தெரிவானார்கள். 2024 மே மாதம் 1920 முதல் 1948 வரையான அந்த எண்கள் பெருலீக் சாதனைப் பட்டியலிலேயே சேர்க்கப்பட்டன. அந்த லீக்குகளில் ஆடிய ஜோஷ் கிப்சனின் 0.372 என்ற துடுப்புச் சராசரி அப்போது டை கொப்பின் 0.367 ஐத் தாண்டி முதலிடத்துக்கு வந்தது. கிப்சன் 1947 இல் இறந்தவர்.

இங்கேயும் அதைச் செய்யலாம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு தாள்: திகதி, மைதானம், இரு அணிகள், எத்தனை ஓவர், மென்பந்தா கடினபந்தா, விரிப்பா புற்றரையா, பெயரும் எண்ணும். தகவல் எங்கிருந்து கிடைத்தது என்பதை அதே தாளில் எழுத வேண்டும். ஒரே பெயருடைய இருவர் இருப்பது நம் ஊரில் சகஜம். தகப்பனின் முதலெழுத்தும் கழகப் பெயரும் இல்லாமல் எவரையும் பதியக் கூடாது. நினைவிலிருந்து சொல்லப்பட்டதைத் தனி நிறத் தாளில் வைத்து, இன்னொரு சான்று கிடைத்த பின்னரே பிரதான கணக்கில் சேர்க்க வேண்டும். பழைய புத்தகத்தின் பக்கங்களைப் பிரிக்காமல், வெயிலில் வைக்காமல், மேலிருந்து படம் பிடித்தால் போதும்.

தங்கள் பத்திரிகையின் பழைய விளையாட்டுப் பக்கங்கள் கட்டுக்கட்டாகக் காப்பகத்தில் இருக்கும் என்று நம்புகிறேன். கிழக்கு மாகாணச் செய்திகள் வந்த பக்கங்களைக் கழகத் தொண்டர்கள் வந்து படம் பிடிக்கத் தாங்கள் அனுமதி தர வேண்டும். எந்த ஆண்டு முதல் கட்டுகள் இருக்கின்றன, எந்தக் கிழமையில் வரலாம் என்பதை இதே பக்கத்தில் அறிவித்தால் காத்தான்குடி, ஆரையம்பதி, காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில் எங்குமுள்ள கழகங்கள் ஆட்களை ஒழுங்கு செய்துகொள்ள வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
விளையாட்டுப் பக்க வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.